குரல் இல்லாத பக்கம்

மேடையிலிருக்கும் பாதிரியார் கோல்பர்ன் அவர்களே, இத்தனை துயரத்திலும் என்னிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்ட அண்ணி வெர்னா அவர்களே, மொரான்ட் பே ஊர் ரசிகப் பெருமக்களே, பின்வரிசையில் அதற்குள் ரம் பாட்டிலைத் திறந்துவிட்ட நண்பர்களே, வணக்கம்.

ஐம்பது ஆண்டு மேடை கண்ட ரெகே பாடகர், நம் அண்ணன் ஹோப்டன் பாட்டிஞ்சர் மறைந்துவிட்டார். அழ வேண்டிய நாள். ஆனால் என் மனசு லேசாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

நான் ஆஸ்மண்ட். அவர் பாட்டையெல்லாம் ஸ்டுடியோவில் பதிவு செய்தவன். ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் அவர் பாடுவார். மறுபக்கத்தில் அவர் குரலை எடுத்துவிட்டு டிரம்மையும் பாஸ் கிட்டாரையும் மட்டும் விடுவேன். ஜமைக்காவில் எந்த ரெக்கார்டு அப்படி இல்லை? ஆனால் அண்ணன் ஒத்துக்கொண்டாரா? நாற்பது ஆண்டும் ஒரே வசவு: "டேய் கசாப்புக்காரா, என் தொண்டையை அறுத்துட்டு எலும்பை விக்கிறியேடா."

மூன்றாண்டுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மருத்துவர்கள் உண்மையாகவே குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அண்ணன் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "நான் இருக்கேன். பாட்டு செத்துப்போச்சு." அதன்பின் அவர் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பழைய வசவு முள்ளாகக் குத்தியது.

போன ஈஸ்டருக்கு அண்ணி கூப்பிட்டார். "நீ ஒளிஞ்சுக்கிட்டா அவருக்குக் குரல் வந்துருமா? ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிட்டு வா தம்பி."

போனேன். குரலுள்ள பக்கத்தைப் போடத் தைரியமில்லை. 'அக்கரை வந்துவிட்டேன்' பாட்டின் மறுபக்கத்தைப் போட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி பாட்டை முணுமுணுத்தார். வேலிக்கு அந்தப்புறம் மீன்காரி டுல்சி சேர்ந்துகொண்டாள். மூன்றாம் வரியைத் தப்பாகப் பாடினாள். அண்ணன் முறைத்தார். அதற்குள் தெருவே பாடியது. அண்ணன் எழுந்தார். கைத்தடியால் தகர வேலியை ஓங்கி ஓங்கித் தட்டினார். நம் ஊரில் தகரத்தைத் தட்டினால் என்ன அர்த்தம்? பாட்டை முதலிலிருந்து போடு! ஐந்து முறை தட்டினார் ஐயா, ஐந்து முறை!

பிறகு சிலேட்டை என்னிடம் நீட்டினார். "கசாப்புக்காரா, இவங்க பாடத்தான் இடம் விட்டு வச்சியா? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவருக்கும்தான். பத்து மாதம் நிம்மதியாக இருந்து போனார்.

என் கை ஓயும்வரை ஊர் ஊராக அந்தப் பக்கத்தைப் போடுவேன். இது என் வாக்கு. இப்போதும் அதைத்தான் போடப்போகிறேன். டுல்சி, மூன்றாம் வரி கவனம். எல்லோரும் பாடுங்கள். அண்ணி கையில் அவருடைய கைத்தடி இருக்கிறது. இந்த மண்டபத்துச் சுவரும் தகரம்தான்.