கீழ்க்கணக்கில் யாரும் சாகாத ஆண்டு

எங்கள் பக்கத்தில் சமதரை கிடைப்பது அரிது, ஐயா. தோட்டப் பாடசாலையில் கரப்பந்து விளையாடிய காலத்தில் ஆடிய நேரத்தைவிடப் பந்தைத் தேடி ஓடிய நேரமே எங்களுக்கு அதிகம். ஓங்கி அடித்தால் அது ரப்பர் மரங்களுக்கிடையே உருண்டு ஓடையில் போய் விழும். நீங்கள் மட்டக்களப்புப் பக்கத்தவர் என்று வெளியே நிற்கும் பொலிஸ்காரர் சொன்னார். கண்ணுக்கெட்டிய வரை தரை தட்டையாகக் கிடக்கும் ஊரில் பிறந்தவருக்கு, ஆறு ஏக்கர் சமதரை ஒரு பிரதேசத்தின் தலைவிதியையே மாற்றிவிடும் என்பதை விளக்குவது கடினம். இருந்தாலும் முயல்கிறேன். இதில் மறைக்க எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

பிரதேச சபையின் திட்டமிடல் பிரிவில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். யட்டியாந்தோட்டையிலிருந்து புளத்கொகுபிட்டியவுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன். அந்த லயத்திலிருந்து பட்டம் பெற்ற முதல் ஆள். என்னோடு படித்தவர்களில் ஊரில் தங்கியவர் எவருமில்லை. பெண்பிள்ளைகள் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பையன்கள் கொழும்புக்குப் போனார்கள். வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த தனுஷன் கட்டடமொன்றின் சாரக்கட்டு சரிந்து இறந்தான். கொழும்பிலேயே எரித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதை அவனுடைய தகப்பன் செல்லையா கேட்கவில்லை. பெட்டியோடு ஊருக்கு வந்து, கீழ்க்கணக்கு மயானத்தில் மகனைப் புதைத்தார்.

தோட்டத்தின் பிரிவுகளை நாங்கள் கணக்கு என்போம். கீழ்க்கணக்கு மயானம் பிரதான வீதியை ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் தேங்கி, தேயிலையும் ரப்பரும் வேர்பிடிக்காத நிலமென்பதால் வெள்ளைக்காரத் துரை எவரோ அதைப் பிணங்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். என் கண்ணுக்கு அது வேறுவிதமாகத் தெரிந்தது. வீதி முகப்பு இருந்தது. மின்சாரமும் ஆற்று நீரும் எட்டும் தூரத்தில் இருந்தன. மண்சரிவு அபாயமும் இல்லை. எங்கள் சபையின் எல்லைக்குள் இவையெல்லாம் ஒருங்கே அமைந்த நிலம் வேறு கிடையாது. ரப்பர் கையுறை செய்யும் நிறுவனமொன்று இடம் தேடிக்கொண்டிருந்தது. சபையின் காணிப் பயன்பாட்டு வரைபடத்தில் மயானத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் முதல் கோட்டை இழுத்தவன் நான். ஊதா நிறம் கைத்தொழிலைக் குறிக்கும். கோட்டை இழுக்கும்போது தனுஷனைத்தான் நினைத்தேன். அவனைப் போல் இன்னொருவன் ஒன்பதாவது மாடியில் ஏற வேண்டியிராது என்று நினைத்தேன். இதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

மக்களிடம் கேட்காமல் எதையும் செய்யவில்லை. தைப்பொங்கலன்று மாலை, மயானத்து ஓரத்தில் மாடசாமி கல்லுக்கு முன்னால் கூட்டம் வைத்தோம். சபையின் தலைவரான தவிசாளரும் வந்திருந்தார். வேலை வரும் என்றதும் தாய்மார்களின் முகம் மலர்ந்தது. ஆனால் நிலத்தைத் தருகிறோம் என்று வாய் திறந்து சொல்ல எவருக்கும் துணிவில்லை. கடைசியில் செல்லையா எழுந்தார். ரப்பர் பால் வெட்டிக் காய்ந்த மனிதர். ஓய்வுக்கு முந்திய ஆண்டுகளில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடத்தில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்.

“சாமி எடத்துல நாம பேரம் பேசக் கூடாது தம்பி. அதுவா விட்டுக் குடுத்தாத்தான் உண்டு,” என்றார். “ஒரு வருசம் பாப்போம். இந்தப் பொங்கல்ல இருந்து அடுத்த பொங்கலு வரைக்கும் ஒரு பொணமும் இந்த மண்ணுக்கு வரலேன்னா, மாடசாமி விட்டுட்டாருன்னு எடுத்துக்குவோம். வந்துச்சுன்னா நீங்க ஃபைல கட்டி வச்சிரணும்.”

“அப்ப நாங்க யாரும் சாகக் கூடாதா மாமா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“நீ சாவுடி, எனக்கென்ன. சாவு விழாத வருசம் எது? அதுக்குத்தானே சொல்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கற்பூரம் ஏற்றி, அதன்மேல் கையடித்து ஒப்புக்கொண்டார்கள். தவிசாளர் சிங்களத்தில், “ஹொந்தய், நல்லது, எப்படியும் அனுமதி வர ஒரு வருடமாகும்,” என்றார். அந்த நிபந்தனையை அவர் அன்றே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது உத்தியோகத்தரின் கடமை.

அந்த ஆண்டில் நான் செய்தவை யாவும் நற்காரியங்கள். நோயாளிகளை ஏற்றிச் செல்ல, யட்டியாந்தோட்டை பஸாரில் வான் வைத்திருக்கும் முக்தாரைச் சபையின் செலவில் அமர்த்தினேன். ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் என் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தேன். நகரத்துத் தகனசாலையில் தோட்டத்து மக்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றச் செய்தேன். மலர்வளையமும் சபையின் பேரில் போனது. எரிப்பது எங்கள் வழக்கமில்லை என்றாலும், இலவசம் என்றபோது சிலர் இணங்கினார்கள். படுக்கையில் கிடந்த இரண்டு முதியவர்களை வேறு தோட்டங்களிலிருந்த பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெற்றோரைப் பிள்ளைகள் பார்ப்பதுதானே முறை. அவர்கள் அங்கேயே அடங்கினார்கள்.

கீழ்க்கணக்கு லயத்துச் சுமித்ராவின் குழந்தை பிறந்த கிழமையே இறந்தது. குழந்தையை எரிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நகரப் பொதுமயானத்தில் இடம் எடுத்து, வைத்தியசாலையிலிருந்தே நேராகக் கொண்டுபோகச் செய்தேன். “ஒரு தடவ வீட்டு வாசலுக்குக் கொண்டாந்துட்டுப் போலாமே அண்ணா,” என்று அவள் கேட்டாள். பச்சை உடம்போடு மேடேற வேண்டாம் என்று சொன்னேன். அவளுடைய உடல்நலத்தை மனத்தில் கொண்டே அப்படிச் சொன்னேன்.

ஐப்பசியில் பெருமழை பெய்தது. அந்த மாதத்திலும் எவரும் கீழ்க்கணக்குக்குப் போகவில்லை. மாடசாமி மனமிரங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. மயானத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. செல்லையா மட்டும் வாரந்தோறும் போய், மகனின் குழியைச் சுற்றிக் குரோட்டன் செடிகளை வெட்டிவிடுவார். அந்த வேலி இரண்டு ஆள் அகலத்துக்கு இருந்தது. ஏன் என்று கேட்டேன். “பக்கத்து எடம் எனக்கு,” என்றார். தகனசாலையைப் பற்றி எடுத்துச் சொன்னபோது சிரித்தார். “காலம் பூரா ரப்பர் ஷீட்டு புகையில கெடந்துட்டேன். செத்தும் புகையணுமா தம்பி? என்னைய மண்ணுல வைங்க.”

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில், முற்பகலில், செல்லையாவின் மனைவி ஜெயம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்கு மூச்சு இழுக்கிறது என்றார். நான் உடனே முக்தாரோடு போனேன். எந்த நோயாளிக்கும் இவ்வளவு விரைவாக வாகனம் போனதில்லை.

ஜெயம்மா தானும் வருவதாகச் சொன்னார். அவர் படுத்துக்கொண்டு வர இடம் வேண்டும், நீங்கள் அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வாருங்கள் என்றேன். அவர் உள்ளே ஓடி ஒரு பிளாஸ்க்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “பிளேன்டீ ஊத்தியிருக்கேன். தொண்ட காஞ்சா இருமல் கூடிரும். கொஞ்சங் கொஞ்சமா குடுங்க தம்பி.” குடுப்பேன் என்று சொன்னேன்.

பக்கத்து வைத்தியசாலை எங்கள் தோட்டத்திலிருந்து தொலைவில் இல்லை. அங்கே ஒட்சிசன் இருக்கிறது; செல்லையாவை அங்குள்ள வைத்தியர்கள் முன்பும் இருமுறை நிமிர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். சந்தியில் முக்தார் வேகத்தைக் குறைத்தார். நேரே போகச் சொன்னேன்.

“ஆஸ்பத்திரி இங்க தானே சேர்?”

“கேகாலைக்குப் போவோம். பெரிய ஆஸ்பத்திரி.”

“அவ்வளவு தூரம் தாங்குமா இவருக்கு?”

பின் இருக்கையில் செல்லையா கண் திறந்தார்.

“தம்பி, ஆஸ்பத்திரி பின்னால போகுதே.”

“பெரிய டாக்டர்கிட்ட காட்டுவோம் மாமா.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார். அது இருமலாக முடிந்தது. “பொங்கலு என்னைக்குன்னு எனக்கும் தெரியும் தம்பி,” என்றார்.

என் சிந்தனை அப்போது எவ்வாறு ஓடியது என்று கேட்டீர்கள். ஒழுங்காகவே ஓடியது. பக்கத்து வைத்தியசாலையில் அவர் பிழைக்கலாம். பிழைக்காவிட்டால், அறிந்த நோயாளி என்பதால் உடலை அன்று மாலையே கையளித்துவிடுவார்கள். மறுநாள் குழி வெட்டப்படும். கேகாலையிலும் கைவிட்டால், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று உயிரோடு திருப்பி அனுப்பக்கூடும். அப்போதும் அதே குழிதான். ஆனால் உறவினர் துணையின்றி, வந்து சேரும்போதே உயிரற்றிருக்கும் ஒருவருக்கு மரண விசாரணை உண்டு, பிரேத பரிசோதனை உண்டு. இடையில் சனி, ஞாயிறு, பிறகு பொங்கல் விடுமுறை. இந்த நடைமுறைகளை நான் உண்டாக்கவில்லை. அவற்றை அறிந்திருந்தேன், அவ்வளவே.

மலைப்பாதையின் வளைவொன்றில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. அங்கே வானை நிறுத்தித் தேநீர் குடித்தோம். கேகாலையை அடைந்தபோது செல்லையா இறந்திருந்தார்.

பொங்கல் கழிந்த பிறகே உடல் கிடைத்தது. அதற்குள் ஆண்டு நிறைவெய்திவிட்டது. கற்பூரத்தின் மேல் கையடித்தவர்களே சொன்னார்கள், மாடசாமி விட்டுக்கொடுத்தார் என்று. ஜெயம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து, “அவரு குடுத்த பேச்சு எல்லாருக்கும் ஒன்னுதான், எங்களுக்கும்,” என்றார். செல்லையாவை நகரத்தில் எரித்தோம். மலர்வளையத்தை நானே வைத்தேன்.

நிலத்தை மரியாதையோடு மாற்றினோம். பூசாரியை அழைத்துச் சடங்கு செய்து, எலும்புகளை எடுத்து வேறிடத்தில் வைத்து, பெயர்களைக் கருங்கல்லில் பொறித்தோம். தொழிற்சாலை இரண்டு ஆண்டுகளாக இயங்குகிறது. செல்லையாவின் மகள் விஜயகலா கட்டுநாயக்கவிலிருந்து திரும்பிவந்து அங்கே கையுறைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள். தாயோடு ஒரே வீட்டில் உறங்குகிறாள். இதைத்தான் நான் விரும்பினேன். காலையில் வீதியில் கண்டால், “அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள்.

எல்லோரும் நானா, அண்ணன், என்று அழைக்கும் முக்தார் இந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகிறார். பயணத்துக்கு முன், தாம் வருத்தியவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அவர் ஜெயம்மாவின் வீட்டு வாசலில் நின்று, நடந்ததைச் சொல்லி அழுதிருக்கிறார். அவர் அழுதிருக்கத் தேவையில்லை. வண்டி ஓட்டியது மட்டுமே அவர் செய்தது.

அன்று மாலை விஜயகலா சபைக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் அந்த பிளாஸ்க் இருந்தது.

“முக்தார் நானா அன்னைக்கு இதக் கொண்டாந்து குடுத்தப்ப நெறைய இருந்திச்சு அண்ணா. அம்மா இத்தன நாளா, அவரால குடிக்க ஏலாமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்பா கேக்கவே இல்லையா?”

கேட்டார் என்றேன். மூச்சுத் திணறுகிறவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று முதலுதவி வகுப்பில் படித்திருந்ததையும் விளக்கினேன். அவள் பிளாஸ்க்கை என் மேசைமேல் வைத்துவிட்டு, நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

நான் அவரைத் தொடவில்லை, ஐயா. கடுமையாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரு நிலத்தில் ஒருவர் அடங்குவதா, நானூறு பேர் உழைப்பதா என்ற கேள்விக்கு எந்தத் திட்டமிடல் உத்தியோகத்தரும் ஒரே பதிலைத்தான் தருவார். இந்த வாக்குமூலத்தில் எங்கோ ஓரிடத்தில் தேநீர் குடித்தோம் என்று பொதுவாகச் சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். வெயிலில் வளைவுப் பாதையில் ஓட்டும் சாரதி களைத்துவிடக் கூடாது என்றுதான் நிறுத்தச் சொன்னேன். “இப்ப வேணாம் சேர், மனுஷனுக்கு ஏலாம இருக்கு,” என்று முக்தார் சொன்னார். ஆனாலும் அந்த முதல் தேநீர் அவருக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

இரண்டாவதை நான் எனக்காகக் கேட்டேன். அப்போது வானுக்குள் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு கோப்பையை வைத்துவிட்டு, போகலாம் என்றேன்.