ஒடிந்த கம்பும் ஒரு சந்தோஷமும்

எழுபதுகளில் ஒரு தை மாதம். பீர்மேட்டுப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

“எம் மக என் கம்ப ஒடிச்சிட்டா மதினி. எனக்கு ஒரே சந்தோசம்!”

“எந்தக் கம்ப?”

“செடி மேல வச்சு கொழுந்து மட்டம் பாக்குற கம்பத்தான். தை பொறந்ததும் லயத்து வீட்டு முத்தத்துல பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் குடுக்காகள்ல, அங்க தூக்கிட்டுப் போயிட்டா.”

“இதுல என்னட்டி சந்தோசம்?”

“போன வருசம் யாராச்சும் பேரு கேட்டாலே என் சேலைக்குப் பின்னால ஒளிவா. நேத்து கங்காணி முன்னால நிமுந்து நின்னு, ‘நாந்தான் ஒடிச்சேன், எங்கம்மாவ ஏசாதீய’ங்கா!”

“ஆத்தாடி! கங்காணி என்ன சொன்னாரு?”

“‘எம் மகனும் ஆளக் கண்டா ஒளியத்தான் செய்யான். நாளைக்குச் சிலம்பத்துக்கு அவனையும் கூட்டிட்டுப் போ தாயி’ன்னாரு.”