ஆறாவது வாளி

இரவு இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. துறைமுகத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் கடல். எதிரே ஒரு வண்டி இல்லை. விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்கு எரியவில்லை. கம்பம் நட்டதோடு கடமை முடிந்தது என்று யாரோ கணக்கை மூடிவிட்டார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாயில் எதையாவது மெல்லுகிறவர்கள் விழுங்கிவிட்டுக் கேட்பது நல்லது.

வண்டியை ஓட்டியவர் நம் இரும்புக்கடைக்காரரின் சகலை. கடலடிச் சேற்றை அள்ளி, சலித்து, அதில் உயிரோடு எத்தனை புழு, எத்தனை சிப்பி, எத்தனை குட்டி நண்டு என்று எண்ணிச் சொல்வது அவர் வேலை. அதனால் குடும்பத்தில் அவர் பெயர் சேற்று டாக்டர்.

துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டுகிற மண்ணை எங்காவது கொட்டியாக வேண்டும். நிர்வாகம் பார்த்து வைத்தது கடற்புல் வளர்ந்த ஓர் இடம். விதி இதுதான்: வாளிக்குப் பத்து உயிருக்குக் குறைந்தால் அது செத்த தரை, கொட்டலாம். ஒரே ஒரு வாளி பத்தைத் தொட்டாலும் ஒரு பிடி மண் போடக் கூடாது. எண்ணிச் சொல்ல வேண்டியவர் டாக்டர். தோதாக எண்ணினால் ஆய்வுக்கூடத் தலைவர் நாற்காலி அவருக்கு. ஒன்பது வருடமாக அந்த நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர்.

சேற்றை அள்ளியதும் படகிலேயே, அழுகாமல் காக்கும் ஃபார்மலினும் சாயமும் ஊற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் உயிரோடு இருந்ததெல்லாம் இளஞ்சிவப்பாக மாறும். செத்து அழுகியது சாயம் பிடிக்காமல் வெளிறிக் கிடக்கும். சிவப்பை மட்டும் எண்ணுவார்கள். டாக்டர் படகில் எதையும் ஊற்றவில்லை. ஆறு வாளியையும் மூடி, வண்டிக்குள் வைத்து, வெயிலில் இரண்டு நாள் நிறுத்தினார். மனிதர் யாரையும் கொல்லவில்லை பாருங்கள்... வேகும்வரை காத்திருந்தார், அவ்வளவுதான்.

கடலடியில் இறங்கிச் சேறு அள்ளிக் கொடுத்த பெண் அப்போதே கேட்டிருக்கிறாள்.

"மருந்து ஊத்தலையா சார்?"

"கரைக்குப் போய் ஊத்திக்கலாம்."

"அதுக்குள்ள எல்லாம் அழுகிடும் சார். கீழ கால் வைக்க இடமில்லாம நெளியுது."

"உனக்குச் சம்பளம் முங்குறதுக்கும்மா. பேசுறதுக்குத் தனியா யாரும் தர்றதில்ல."

அவள் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பகலில் அந்த நாற்றத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் போனால் நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்பது கேள்வி கேட்பார்கள். அதனால்தான் இரவு இரண்டு மணி.

பாதி வழியில் பின்னால் ஒரு சத்தம். பளக்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி பளக். கொதிக்கிற கூழில் குமிழி வெடிக்குமே, அப்படி. கூடவே வாடை. அழுகின முட்டை, ஈரத்தில் மடித்து மறந்த துணி, பல நாள் தண்ணீர் மாற்றாத பூ ஜாடி... எல்லாம் சேர்ந்து நாக்கில் படிந்தது. ஆமாம், மூக்கில் இல்லை, நாக்கில். ஜன்னலை இறக்கித் துப்பினார். எச்சில் கறுப்பாகப் போனது போலிருந்தது. இருட்டு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் ஒற்றை விளக்கு. முதல் வாளியைச் சல்லடையில் கவிழ்த்தார். கொழகொழவென்று சரிந்தது. புழுக்கள் குழைந்து, தொட்ட இடத்தில் தோல் கழன்று வந்தன. சிப்பிகள் வாய் பிளந்து மஞ்சள் சளி வடித்தன. குட்டி நண்டை இடுக்கியால் தூக்கினால் ஓடு மட்டும் வந்தது, உள்ளே இருந்தது ஒழுகிவிட்டது. ஃபார்மலின், சாயம், காத்திருப்பு. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. சுழியம். ஐந்து வாளிக்கும் சுழியம்.

ஆறாவது வாளி. மூடியைத் திறந்தார்... வாடை இல்லை. சாயம் பட்ட நொடியில் தட்டு முழுக்கச் சிவந்தது. வெயிலில் இரண்டு நாள் வெந்த சேறு. புழுக்கள் ஃபார்மலினுக்குள்ளேயே நெளிந்தன. எண்ணத் தொடங்கினார்; கைப்பழக்கம். நானூறில் நிறுத்தினார்.

துறைமுக நிர்வாகி தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்தார்.

"ஒரு வாளியில நானூறு சார்."

"மீதி அஞ்சு?"

"ஒண்ணுமில்ல."

"அஞ்சு பேர் செத்தாச்சுன்னு சொல்றாங்க, ஒருத்தன் மட்டும் இல்லைங்கறான். பெரும்பான்மை என்னவோ அதை எழுதுங்க. காலைல நாற்காலிய தூசி தட்டச் சொல்றேன்."

டாக்டர் தட்டைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் போனது. அவை போகவில்லை. தொட்டியின் ஓட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மேலே வந்தன. அவர் வெறுங்கையால் அமுக்கினார். வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கில் பிதுங்கியது. அமுக்கி, அமுக்கி, கடைசி ஒன்றையும் உள்ளே தள்ளிவிட்டுப் படிவத்தில் ஆறாவது சுழியத்தைப் போட்டார். கையெழுத்துப் போடும்போது ஒரு கொட்டாவி வந்தது. வாயை மூடியபோது உள்ளே வழவழப்பாக ஏதோ இருந்தது. துப்புவதற்குள் அது தானாகவே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அனுமதி கிடைத்தது. பதினேழு நாள் இரவு பகலாக மண் கொட்டினார்கள். நாற்காலியும் வந்தது. சுழலும் நாற்காலி.

அதற்கப்புறம்தான் சகலையின் மனைவி அக்கா வீட்டுக்குப் போன் பண்ணினாள். இரும்புக்கடைக்காரர்தான் எடுத்தார்.

"அத்தான், இவருக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு. காலைல பெல்ட் கடைசி ஓட்டை. மதியம் முதல் ஓட்டை. ராத்திரி மறுபடி கடைசி."

"கேஸா இருக்கும்மா. கண்டதைத் தின்னுருப்பார்."

"சாப்பிட்டே ஒரு வாரமாச்சு அத்தான்."

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மருத்துவர் வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, ஏதோ பொரிகிற மாதிரி இருக்கிறது என்றார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். உயிருள்ள கடலடியில் ஒலிவாங்கியை இறக்கினால் அப்படித்தான் கேட்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. பேசினால் உப்புத் தண்ணீர் வழிகிறது.

இரும்புக்கடைக்காரர் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. கப்பல் உடைசல் வாங்குவதற்காகக் கடையில் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வடிகிற நேரக் கணக்கு, மாட்டியிருப்பார். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரில் போனார். கட்டில் பக்கத்தில் கடிகாரத்தோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். வயிறு இரண்டு முறை ஏறியது, இரண்டு முறை வடிந்தது. அட்டவணைக்கு ஒரு நிமிடம் பிசகவில்லை.

இரண்டாம் முறை வடிந்தபோது சட்டையை விலக்கிப் பார்த்தாராம். தண்ணீர் இறங்கின மணலில் வரிவரியாக இருக்குமே... அந்த வரிகள் தொப்புளிலிருந்து மார்பு வரை. வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையின் வாயிலும், இப்போதுதான் யாரோ உள்ளிருந்து தள்ளியது போல, ஒரு சிட்டிகை ஈர மண்.