மூன்றாவது மாடித் தலைவலி

உங்கள் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, ஐயா. பேரிங் தேய்ந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் மோட்டாரே போய்விடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கே போனாலும் எது பழுது என்று கண் தானாகப் பார்த்துவிடுகிறது. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போன் டவர்களின் கதிர்வீச்சை அளப்பவன் நான். யாராவது புகார் கொடுத்தால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மொட்டை மாடி, படிக்கட்டு, படுக்கையறை என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் அளந்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரத்துக்கு மேல் அளந்திருப்பேன். அனுமதித்த வரம்பை ஒன்றுகூடத் தாண்டியதில்லை. பல இடங்களில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. கரடியாகக் கத்திச் சொல்லியிருக்கிறேன். நம்பியவர்களின் கணக்கு ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

ஒரு தெருவில் குருவியெல்லாம் செத்துவிட்டது, மூன்று பேருக்கு மயக்கம், டவரை எடுக்காவிட்டால் சாலை மறியல் என்றார்கள். போய்ப் பார்த்தால் அது டவரே இல்லை. தெருவிளக்குக்காக நட்டுவிட்டு, விளக்கு மாட்ட மறந்துபோன இரும்புக் கம்பம். அதைச் சொன்னதற்கு என்னைத்தான் அடிக்க வந்தார்கள். என் மனைவியே போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். கேட்டால், "நீங்க சொல்றது சரிதாங்க, ஆனா எதுக்கு வம்பு" என்பாள். வெளியில் எவன் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம். அந்த 'ஆனா' இருக்கிறதே, அதில்தான் எனக்கு அலுத்துப் போய்விட்டது.

இனி அந்தக் கட்டடம். நாலு மாடி, எட்டுக் குடித்தனம், மொட்டை மாடியில் டவர். கரண்ட் போனால் டவருக்கு மின்சாரம் கொடுக்கக் கீழே பின்பக்கம் ஒரு டீசல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் கட்டடத்துக்குள்ளேயே, பாத்ரூம் ஜன்னல்களெல்லாம் திறக்கும் குறுகலான இடைவெளி வழியாக மேலே போகிறது. மூன்றாவது மாடியில் டெய்லரக்கா இருந்தார். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிடச் சின்னவர்தான். கணவர் இறந்து நாலு வருஷம். ஐந்தாவது படிக்கும் ஒரு மகள். முன்னறையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைத்தார்.

டவர் வந்ததிலிருந்து தலைவலி, குமட்டல் என்று புகார் எழுதியது அவர்தான். முதல் தடவை போனபோது அலுப்பு தட்டாமல் விளக்கினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் தூரத்தைத்தான் நனைக்கும், பிடித்திருப்பவர் கால் நனையாது. ஆண்டெனாவும் அப்படித்தான், அலையை எதிரே வீசும், அடியில் இருக்கும் வீட்டுக்கு ரொம்பக் குறைவு என்றேன். மீட்டரைக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க மெஷின் பொய் சொல்லாதுங்கிறீங்க. அப்போ என் தலை மட்டும் பொய் சொல்லுதாண்ணா?"

"தலைவலி உண்மைதாம்மா. டவரால வருதுன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் தப்பு."

ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் சாத்தி அலுமினியத் தாள் ஒட்டி, ஓரமெல்லாம் டேப் போட்டிருந்தார். வீடு அடுப்புக்குள் வைத்த மாதிரி வெந்தது. எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். வாதாடத் தெம்பில்லை. "உங்களுக்கு நிம்மதின்னா இருக்கட்டும். பாத்ரூம் ஜன்னலை மட்டும் எப்பவும் திறந்து வைங்க, காத்து வேணும்ல" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அன்று எனக்கு எதுவும் தெரியாது. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது புகார். இந்த முறை ஒரு பள்ளி நோட்டை நீட்டினார். தேதி, வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், வாந்தி உண்டா இல்லையா என்று அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருந்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும் பக்கத்தில் சின்னதாக 'எனக்கும்' என்று எழுதியிருந்தாள். உண்மையில் அது அருமையான பதிவு. எங்கள் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை. டவரின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று மொட்டை மாடியில் அளந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. புகை மேலே வரவில்லை. கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். புகைக்குழாயின் இணைப்பு மூன்றாவது மாடி உயரத்தில் விட்டுப் போயிருந்தது. டெய்லரக்காவின் பாத்ரூம் ஜன்னலைச் சுற்றிச் சுவரில் ஒரு முழ அகலத்துக்குக் கரி. மற்ற வீடுகளில் முன் ஜன்னல்கள் திறந்திருந்ததால் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அவர் வீட்டில் திறந்திருந்தது அந்த ஒரு ஜன்னல்தான், உள்ளே போன புகை வெளியேற வழியில்லை. டீசல் நாற்றம் அந்தக் கட்டடத்துக்கே பழகிப்போன ஒன்று, யாரும் பொருட்படுத்துவதில்லை.

என் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். எல்லாம் கதிர்வீச்சு பற்றியவை. குழாய்க்குக் கட்டம் கிடையாது. பதினான்கையும் நிரப்பிவிட்டு இறங்கினேன்.

அலுவலகத்தில் நோட்டையும் டவர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டவரில் அழைப்புகள் குவிவது மாலை ஏழு மணிக்கு மேல். அந்த அம்மாவுக்குத் தலைவலி பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. நெஞ்சு குளிர்ந்துவிட்டது, ஐயா. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, புகார் கொடுத்தவரின் நோட்டிலேயே எனக்குச் சாட்சி கிடைத்தது. பதிவின் அடுத்த தாளில் ஜெனரேட்டர் ஓடிய நேரங்கள் இருந்தன. அதையும் பார்த்தேன். இருபத்து மூன்று தலைவலியில் இருபத்தொன்று அப்படியே பொருந்தியது.

ஜெனரேட்டர் மெக்கானிக்கின் எண் என் போனிலேயே இருந்தது. இரண்டு நிமிடப் பேச்சு, அரை நாள் வேலை. ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குழாயைச் சரிசெய்தால் தலைவலி நின்றுவிடும். நின்றதும் என்ன சொல்வார்கள்? டெய்லரக்கா புகார் கொடுத்தார், ஆட்கள் வந்து டவரில் ஏதோ மாற்றினார்கள், தலைவலி போயே போச்சு என்பார்கள். ஊரெல்லாம் பேசும். அந்த ஒரு வீட்டைக் காட்டியே இன்னும் ஐம்பது டவரை இழுத்துச் சாத்துவார்கள். இல்லையம்மா, அது புகை என்று நான் வீடு வீடாகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டும். எனக்கு முடியவில்லை. இந்தப் பேச்செல்லாம் ஓயட்டும், அப்புறம் சத்தமில்லாமல் குழாயை மாற்றச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

குடியிருப்போர் கூட்டம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. டவர் பதிவின் முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். நேரங்கள் பொருந்தவில்லை என்று காட்டினேன். நாலாவது மாடிக்காரர், "அக்காவுக்குத் தலைவலி டவரால இல்ல, மதிய சீரியலால" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெய்லரக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அவ்வளவு படிப்பில்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணா" என்றார். இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா. கிளம்பும்போது நோட்டைத் திருப்பிக் கேட்டார். ஆபீஸில் இருக்கிறது என்றேன். என் பைக்குள்தான் இருந்தது.

"ஜன்னல் தாளை எடுத்துடட்டுமாண்ணா? ரொம்பப் புழுக்கமா இருக்கு" என்றும் கேட்டார். எடுத்துவிட்டால் தலைவலி குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். குறைந்தால் மறுபடியும் பேச்சு கிளம்பும். "இருக்கட்டும்மா, அவசரம் என்ன" என்றேன்.

பதினேழு நாள் கழித்து, மின்வாரிய வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கரண்ட் இல்லை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள், திறக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார். தையல் மெஷின் பக்கத்தில், தரையில் துண்டை விரித்துப் படுத்த வாக்கில் இருந்தாராம், தூங்குகிற மாதிரி. ஏற்கெனவே உடம்பு முடியாதவர், திடீர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புகையை யாரும் சந்தேகப்படவில்லை, யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. உங்கள் ஸ்டேஷனிலும் வழக்கு எதுவும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் இங்கே வந்தது அதனால் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாலு நாளாக அந்தத் தெருவே திரண்டு டவருக்கு எதிராகக் கட்டட வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டார்கள், ஆகவே இப்போதைக்கு அங்கே யாருக்கும் ஆபத்தில்லை. நேற்று அந்த வழியாகப் போனேன். அந்தப் பெண் குழந்தையை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் சித்தி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். குழந்தை கையில் ஓர் அட்டை. நோட்டில் இருந்த அதே ஒழுங்கான எழுத்து: 'எங்க அம்மாவைக் கொன்றது டவர் கதிர்வீச்சு.' வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதை மறுபடியும் படித்தேன். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

ஆம், குழாய் உடைந்தது எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னவன் நான்தான். தெரிந்த பிறகும் மூடச் சொல்லவில்லை. அடைத்த வீட்டுக்குள் அந்தப் புகையால் உயிர் போகலாம் என்பதும் தெரியும். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

இந்தாருங்கள், நோட்டு. அதற்குள்ளேயே ஜெனரேட்டர் தாளையும் வைத்திருக்கிறேன், பொருந்தும் இடங்களில் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். உங்கள் வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் அந்தக் குழந்தையிடம் இதைக் காட்டி நிதானமாக விளக்கிச் சொல்ல வேண்டும். புத்திசாலிக் குழந்தை, புரிந்துகொள்வாள். அம்மா இல்லாத பிள்ளை, ஐயா. கதிர்வீச்சைப் பற்றித் தப்பான நம்பிக்கையோடு வளர்ந்துவிடக் கூடாது.