கெலிஓயா லேத்து கத்திய காரணம்

பெருமதிப்புக்குரிய தலைவர் யாகப்பர் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையும் தாங்கி வீற்றிருக்கும் தாய்மாரே! கெலிஓயா நலன்புரிச் சங்கப் பேரவைக்கு என் பணிவான வணக்கம். தாமதமாக வந்தமைக்குத் தலைவணங்கி மன்னிப்புக் கோருகின்றேன். எண்ணெய்க் கையோடு மேடையேறல் தகாதென்று கழுவினேன், கழுவினேன். சவர்க்காரம் கரைந்தது, எண்ணெய் கரையவில்லை!

நான் கிறேஸ். எந்தக் கல்லூரியின் கதவும் எனக்குத் திறந்ததில்லை. இயந்திர நூல்களை நானே திறந்தேன். என் தம்பி கிறகரியின் லேத்துப் பட்டறையை இத்தெருவிலிருந்து அகற்ற வேண்டுமென இன்று பிரேரணை வந்திருக்கிறது. கொண்டுவந்தவர், எங்கள் சுவருக்கு அப்பால் தேநீர்க்கடை நடத்தும் மதிப்புமிகு ஜமால்தீன் நானா. பட்டறை போனால் என் தம்பிக்குப் பிழைப்பில்லை.

நானாவின் முறைப்பாடு பொய்யா? இல்லை! சுழலும் இரும்புத் தண்டைக் கூரிய உளியால் சீவி வழவழப்பாக்க வேண்டிய அந்த லேத்து, கத்தியது, கதறியது, கடைத்தெருவையே கலக்கியது!

"கிளாஸெல்லாம் தட்டுல நடக்குது தங்கச்சி! ஒண்டு விழுந்து ஹாஜியார்ட சாரனெல்லாம் தேத்தண்ணி!"

கேட்டீர்களா? நானா சொல்வது சத்தியம். தேநீர் குடிக்க வந்த ஹாஜியாரின் இடுப்புச் சாரனுக்கு என் அனுதாபம்.

தம்பி என்ன செய்தான்? "அக்கா, இதுக்குள்ள என்னமோ புகுந்துருச்சு" என்று சொல்லிக் கோயில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தான். பேய் போகவில்லை, துரு வந்தது! சிரியுங்கள் தாய்மாரே, நானும் சிரித்தேன்.

இதோ, அன்று கடைந்த தண்டு. கைமாற்றிப் பாருங்கள். கொத்திய அம்மிபோல் வரிவரியாக இல்லையா? உளி நடுங்கினால் அந்த நடுக்கம் இரும்பில் எழுதப்படுகிறது. ஏன் நடுங்கியது? உளியைப் பிடியிலிருந்து நீட்டி வைத்திருந்தான். பஸ் ஜன்னலில் கழுத்தை நீட்டும் பயணி ஆடாமல் இருப்பானா? தண்டை அதிவேகமாகச் சுழற்றினான். ஒரே வெட்டில் மலையளவு சீவ முனைந்தான். கடிந்துகொண்டேன். உடனே பயந்துபோய், தடவுவதுபோல் உளியை வைத்தான். வெட்டாமல் உரசிய உளி, முன்னினும் மோசமாகக் கிறீச்சிட்டது! அவசரமும் ஆகாது, அச்சமும் ஆகாது!

உளியைக் குறுக்கிப் பிடித்தோம். ஓட்டத்தைக் குறைத்தோம். வெட்டு மெல்லியதாகவும் உறுதியாகவும் இருந்தது. ஆயினும் கத்தியது! ஏன்? ஏன்? குனிந்து பார்த்தேன். லேத்தின் கால்களுக்கடியில், மடித்து மடித்து வைத்த சீனிச் சாக்குகள்!

தந்தவர் யார் நானா?

"நான்தான் புள்ள! சத்தம் அடங்கட்டுமெண்டு நல்லதுக்குத்தானே தந்தேன்!"

அயலவர் அன்பை ஐயுறவில்லை, நானா. ஆனால் மெத்தைமேல் நின்று மரம் வெட்ட முடியுமா? கால் ஊன்றாத இயந்திரத்தின் கையும் ஊன்றாது. சாக்கை உருவினோம், கல் தளத்தில் இறுக்கிப் பூட்டினோம்.

நானா, இன்று பின்னேரம் லேத்துச் சத்தம் கேட்டதா?

"இண்டைக்கு மெசின் ஓடவே இல்லயே!"

ஓடியது! நீங்கள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது கடைந்ததே இந்த இரண்டாவது தண்டு. தாய்மாரே, முகம் பார்க்கலாம், தலைவாரிக் கொள்ளலாம்!

ஹந்தானைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் இயந்திரத்தின் தண்டு தேய்ந்து கிடக்கிறது. நாளைக் காலை நம்மிடம் வருகிறது. கண்டிச் சீமையின் இரும்பைச் சீராக்கக் கொழும்புக்குத்தான் ஓட வேண்டுமா? இங்கே கையில்லையா? கருவியில்லையா? கருத்தில்லையா? நடுங்கியது லேத்து மட்டுமே, நாம் நடுங்கலாமா?

"அப்ப என்ட சாக்கு, தங்கச்சி?"

துவைத்து மடித்துத் தலைவரின் கதிரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், நானா. திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பிரேரணையையும் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்பது தங்கள் பெருந்தன்மை.

செவிமடுத்த சபைக்கு நன்றி. அனைவர்க்கும் அன்பு வணக்கம். பட்டறை இருக்கலாமா, கூடாதா? நாளை வரும் தண்டை இறக்குவதா, திருப்புவதா என்று தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டும். தயவுசெய்து விரைவாகப் பதில் தாருங்கள்.