மருந்து படாத மரம்

கறுத்தக்கொழும்பானைப் போல ருசியான மாம்பழம் கிடையாது, ஐயா. நீங்களும் தின்றிருப்பீர்கள். அதைப்போல நோஞ்சான் மரமும் கிடையாது. எங்கள் கல்முனைப் பக்கம் பூக்கிற நேரம் மழை விழுந்தால் பூவும் பிஞ்சும் கருகிக் கொட்டிவிடும். புளிமாவை மட்டும் ஒரு நோயும் அண்டாது.

இரண்டின் குணமும் சேர்ந்த கன்றொன்று என் மகள் ஆகிலாவின் சீதன வளவில் தானாக முளைத்தது. ஐந்து வருடம் காய்த்தது, ஒரு புள்ளி விழவில்லை. மருந்து படாத மரம் என்று ஊரெல்லாம் சொன்னேன். முன்பு என்னைப் பார்த்துச் சிரித்தவர்களே ஒட்டுக்கன்று கேட்டு வந்தார்கள். அறுபது வயதில் கிடைத்த மரியாதையைக் கைவிட யாருக்கு மனம் வரும்?

இந்த வருடம் காய்களில் கரும்புள்ளி கண்டேன். மறுநாள் விவசாயப் போதனாசிரியர் றிஸ்கான் மரத்தைப் புது இனமாகப் பதிய வருகிறார். புள்ளிக் காய்களைப் பிடுங்கிப் புதைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். விடிய, ஊர் சுபஹுத் தொழுகையில் நின்றபோது நான் மரத்தடியில் நின்றேன். மிச்சக் காய்களைக் காப்பாற்றக் கருகல் நோய் மருந்தோடு, வயலுக்கு வைத்திருந்த பழைய பூச்சிமருந்தையும் கலந்து அடித்தேன். மணம் தெரியாமலிருக்கச் சாம்பிராணி புகைத்தேன்.

ஆகிலா ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. றிஸ்கான் முன்னாலேயே காய் பறித்து, உப்புத் தொட்டுக் கடித்தாள்.

“கழுவயும் தேவல்ல சேர். வாப்பாட மரத்துக்கு மருந்தே படல்ல.”

ஊரில் என் பேச்சை முழுதாக நம்பியவள் அவள் ஒருத்திதான். நான் வாய் திறந்திருக்கலாம். றிஸ்கான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு காய்தானே என்று நின்றேன். அவள் மூன்று தின்றாள்.

அவர் மரத்தை அளந்து முடிப்பதற்குள் வாந்தியும் வியர்வையுமாக விழுந்தாள். அவருடைய வாகனத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

“மருந்தடிச்ச காய் ஏதும் திண்டாவா?” என்று டொக்டர் கேட்டார். “என்ன மருந்தெண்டு தெரிஞ்சாத்தான் நான் மருந்து குடுக்கலாம்.”

றிஸ்கான் என் பக்கத்தில் நின்றார்.

“இல்ல டொக்டர். அந்த மரத்துக்கு மருந்தே அடிக்கிறல்ல,” என்றேன்.

“ஓம், எனக்கும் தெரியும்,” என்றார் றிஸ்கான். பாவம், நல்ல மனிதர்.

டொக்டர் இரண்டாம் தரமும் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு அவளும் வயிற்றுப்பிள்ளையும் மௌத்தானார்கள்.

மருந்தடித்தவன் நான். கேட்டபோது மறைத்தவனும் நான். என் மகளைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு திருத்தம் மட்டும், ஐயா. காயில் வந்தது கருகல் நோய் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் மழைப்புள்ளி. அந்த மரத்துக்கு நோய் வராது.