இடப்பக்கம் பாடாத பெட்டி

இந்தக் கதிரையில் இருங்கள் சுவாமி, என் வலப்பக்கத்தில். மற்றப் பக்கம் உப்புக்காற்று அடிக்கும். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை, பனங்கட்டி இருக்கிறது.

கலிஸ்ரா செத்தது எப்படி என்று கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் வானொலி திருத்துபவன். எதையும் பழுது தொடங்கிய இடத்திலிருந்துதான் பார்த்துப் பழக்கம்.

இந்த ஊரில் என் காதுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, இரண்டு கரையிலும் பதுங்கிக்கொள்ள ஒவ்வொரு பங்கர். குண்டு போடும் பொம்மர் எந்தப் பக்கத்தால் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கப் பங்கருக்கு ஓடுவது எங்கள் வழக்கம். சத்தத்தோடு வேலை செய்பவனுக்குத் திசை தெரியும் என்று யாரோ சொல்ல, சனம் என் வாயைப் பார்க்கத் தொடங்கியது. சந்தையடியில் குண்டு விழுந்து என் இடது காதால் இரத்தம் வந்த பிறகும் பார்த்தது. சுகமாகிவிட்டது என்றேன். நானும் நம்பினேன். இரண்டு திசைகளில் ஒன்றைச் சொல்பவன் பாதித் தடவை ஞானியாக இருப்பான். மீதித் தடவை, பொம்மர் சுற்றி வந்துவிட்டது என்று சனமே அவனுக்காக வாதாடும்.

கிறகோரியும் அவன் மனைவி கலிஸ்ராவும் றெக்கோட் பெட்டியைக் கொண்டுவந்தது, இசைத்தட்டைச் சுற்றும் பட்டி அறுந்துபோனதற்காக. சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டிப் போட்டேன். பற்றரி கிடைக்காத காலம். கிறகோரி சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்க, டைனமோவில் பெட்டி சுற்றியது. சத்தமாகப் பாடவிட்டால் பொம்மர் வருவது கேட்காது என்பதால் ஹெட்போனை மாட்டினேன்.

இடப்பக்கம் பாடவில்லை.

"இடது செத்துப் போச்சு," என்றேன்.

கலிஸ்ரா ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் நல்லாப் பாடுது அண்ணை. உங்களுக்குத்தான் ஒரு பக்கம் அடைச்சுப் போட்டுதோ?"

"வாயை மூடு," என்றான் கிறகோரி. "அன்ரன் அண்ணையின்ர காதைப் பற்றியே கதைக்கிறாய்? அண்ணை, மிதிக்கட்டோ, விடட்டோ? கால் ஓயுது. பாட்டுக்காரி ஆம்பிளையாகப் போறா."

முறைப்படி பார்த்தேன். பாட்டு முள் இருக்கும் தலையில் வெள்ளைக் கம்பி இடது, சிவப்பு வலது. இரண்டையும் மாற்றிக் கொழுவினேன். முள்ளில் பழுது என்றால் மௌனம் வலப்பக்கம் போகவேண்டும். போகவில்லை. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். அப்போதும் மௌனம் இடப்பக்கமே இருந்தது. மாற்றாமல் விட்ட உதிரிப்பாகம் ஒன்றுதான். அது என் கழுத்துக்கு மேலே இருந்தது.

சிரிப்பு வந்தது சுவாமி. ஊருக்கே திசை சொல்பவனுக்குப் பாதித் தலை இல்லை. அதை அவர்களிடம் சொல்லியிருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் தண்ணீர் குடிக்கக் குசினிப்பக்கம் போனார்கள். கம்பிகளைப் பழையபடி கொழுவிவிட்டு, வெள்ளைக் கம்பியைச் சவரப் பிளேட்டால் வெட்டினேன். திரும்பி வந்ததும், "இப்ப கேட்டுப் பாருங்கோ," என்றேன்.

கிறகோரி மாட்டினான். சைக்கிளில் ஏறி மிதித்தபடியே கேட்டான். "பார்த்தியே?" என்றான் மனைவியிடம். "உனக்குக் கேக்காத பழுது அண்ணைக்குக் கேட்டிருக்கு."

கலிஸ்ரா மாட்டினாள், கழற்றினாள். என்னைப் பார்த்தாள். "முதல் ரெண்டு பக்கமும் பாடினது, அண்ணை," என்றாள். அவ்வளவுதான். பழுதுக்குச் சாமான் தேடுவதாகச் சொல்லிப் பெட்டியை வைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திருப்பிக் கேட்க அவர்கள் மறுபடி வந்த அன்றுதான் பொம்மர் இரைச்சல் வந்தது. மூவரும் இந்த வாசலில் நின்றோம். எனக்கு எல்லாச் சத்தமும் வலப்பக்கமிருந்துதான் வரும். அன்று என் வலப்பக்கம் கடல் இருந்தது.

"கடலாலை வருது. களப்புப் பங்கருக்கு ஓடுங்கோ."

கலிஸ்ரா அசையவில்லை. "எனக்குக் களப்புப் பக்கமாக் கேக்குது."

"அண்ணையின்ர காதை விட உன்ர காது பெரிசோ?" கிறகோரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திறந்த வெட்டை மணலில் ஓடினான். பொம்மர் களப்பால் வந்தது. கிறகோரிக்கு ஒரு கை போனது. அவளைப் பிடித்திருந்த கை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் வந்த வேலை முடியாது. கடற்கரைப் பங்கர் இந்த வாசலிலிருந்து நாலு எட்டு. பொம்மர் கடலால் வருகிறது என்று சொன்ன நான், அந்தப் பங்கருக்குள்தான் இறங்கினேன். அவளைத் தவிர, என் சொல்லை ஊரில் நம்பாதவன் நான் ஒருவன்தான். அவளைத் தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

செத்த வீட்டில் கிறகோரி எல்லோரிடமும் சொன்னான்: "அண்ணை சரியாத்தான் சொன்னவர். அது சுத்தி வந்திட்டுது." நான் தலையை ஆட்டினேன்.

பிறகு அவன் வந்து, "அவா கேட்ட மாதிரி ரெண்டு பக்கமும் பாட வையுங்கோ," என்றான். வெள்ளைக் கம்பியை ஒட்டினேன். இம்முறை மிதித்தது நான். அவன் ஒற்றைக் கையால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுதான். இரண்டு பக்கமும் பாடுகிறதாம்.

அவன் போகுமுன் நானும் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். பழுது திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன் சுவாமி, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் மந்தம்தான்.